ஓர்த்தாவில் காற்று தணியும் வரை

கரீபியனிலிருந்து ஐரோப்பா திரும்பும் பாய்மரப் படகுகள் மே, ஜூன் மாதங்களில் கூட்டம் கூட்டமாக வந்து சேருவது அசோரஸ் தீவுகளில் ஒன்றான ஃபயாலுக்கு. அங்குள்ள ஓர்த்தா துறைமுகத்தில், படகிலேயே குடியிருந்தபடி வானிலைக்குக் காத்திருக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

அசோரஸ் உயரழுத்தம் தன் இடத்தில் இருக்கும்வரை கவலையில்லை. அது விலகினால் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாரோமீட்டர் இறங்கத் தொடங்கியதுமே கயிறுகளைக் கவனியுங்கள்.

சீசனில் இடம் போதாமல் படகோடு படகை அணைத்துக் கட்டுவார்கள். உங்களுடையது வெளிப்பக்கம் என்றால் பக்கத்துப் படகை மட்டும் நம்பாமல், முன்னும் பின்னும் கரைக்கே ஒவ்வொரு கயிறு போடுங்கள். இரண்டு பாய்மரங்களும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. படகுகள் ஆடும்போது மேலே குறுக்குக் கம்பிகள் மோதி முறியும். சற்று முன்னே பின்னே தள்ளிக் கட்டுங்கள். கயிறு உரசும் இடத்தில், தோட்டத்துக் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி மாட்டி, இரு முனையையும் நூலால் இறுக்குங்கள். இரவில் ஒரு முறையாவது எழுந்து டார்ச் அடித்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நார் பிசிறி எழும்பியிருந்தால் காலைவரை விடாதீர்கள். அப்போதே கயிற்றை ஒரு சாண் தளர்த்தி, உரசும் இடத்தை மாற்றுங்கள்.

கரைக்கு இறங்க அடுத்தவர் படகைத் தாண்டும்போது முன்தளம் வழியாகப் போவதே முறை. பின்னால் இருப்பது அவர்கள் உண்டு, உட்கார்ந்து பேசும் இடம்.

மழைக்கு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு சமைத்தால் உள்சுவர் வியர்த்து மெத்தை ஈரமாகும். கார்பன் மோனாக்சைடு அதைவிடக் கொடியது. மேல்மூடியைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். கேஸ் அடுப்பில் குளிர்காயவே கூடாது.

படகு பத்திரம் என்று தெரிந்தபின் ஊருக்குள் போங்கள். 1918-இல் தொடங்கிய பீட்டர் கஃபே ஸ்போர்ட்டின் மாடியில், திமிங்கிலப் பற்களில் செதுக்கிய சித்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அவசரமில்லாமல் பாருங்கள். தீவின் மேற்கு முனையில் கப்பெலின்யூஷ். 1957-58 எரிமலைச் சாம்பலில் பாதி புதைந்த கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. காற்று பலமாக இருக்கும் நாளில் அங்கே சாம்பல் கண்ணில் அடிக்கும் என்பதால் கண்ணாடி தேவை.

துறைமுகச் சுவரில் படகின் பெயரையும் ஆண்டையும் வரைந்துவிட்டுப் போகாவிட்டால் பயணம் கெடும் என்பது மாலுமிகளின் நம்பிக்கை. நம்பிக்கை இல்லாதவர்களும் வரையுங்கள் என்றே சொல்வேன். முற்றிலும் மங்கிய ஓவியத்தின் மேல்தான் வரைய வேண்டும். மழை விட்டு சிமென்ட் நன்றாகக் காய்ந்தபின் பிரஷால் தேய்த்து, பிரைமர் பூசி, பிறகு பெயின்ட் அடியுங்கள். ஈரத்தில் அடித்தது உரிந்துவிடும்.

தாழ்வழுத்தம் கடந்ததும் வானம் வெளுக்கும், எதிரே பிக்கோ மலை 2,351 மீட்டரும் தெரியும். கிளம்பலாம் என்று கை பரபரக்கும். ஆனால் வெளியே பேரலைகள் அடங்க இன்னும் ஓரிரு நாள் ஆகும். இங்கிலாந்தின் ஃபால்மத் சுமார் 1,200 கடல் மைல். பெரும்பாலான படகுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். முன்னறிவிப்பை முதல் நான்கைந்து நாளுக்குத்தான் நம்பலாம். அதனால் உடன் வருபவர்களை ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுக்கவிடாதீர்கள். டிக்கெட் தேதி கையில் இருந்தால் வானிலையைப் பார்க்கும் கண் மாறிவிடும். நல்ல நாள் விடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் டீசல் போட வருவார்கள். நீங்கள் டீசலையும் குடிநீரையும் முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள்.