அகில் மணமும் சொல்லின் மணமும்



கீழ்த்திசையிலிருந்து கப்பலில் வந்த வாசனைப் பொருள்களுள் அகிலும் ஒன்று எனச் சிலப்பதிகாரம் கூறும். அந்தக் கீழ்த்திசையில்தான் நாம் வாழ்கிறோம். மலாய்க்காரர்கள் 'கஹாரு' என்பது நம் அகிலையே.

நோயற்ற அகில் மரம் வெளிறி, இலேசாக இருக்கும், மணம் இராது. மரம் காயப்பட்டுப் பூசணம் பற்றும்போது, அதை எதிர்த்துப் பிசின் சுரக்கிறது. அப்போதுதான் கட்டை கறுத்து, கனத்து, மணம் பெறுகிறது. எல்லா மரத்திலும் இது நிகழாது. ஆகவே விலை அதிகம், கலப்படமும் அதிகம். வெறுங்கட்டைக்குச் சாயம் ஏற்றுவர்; எண்ணெயில் மலிவு எண்ணெயும் செயற்கை மணமும் சேர்த்துத் 'தூயது' என்பர்.

2017 நவராத்திரியில் திருப்பணி நிதிக்காக அகில் பொட்டலங்களை 10 வெள்ளிக்கு விற்றோம். உறையில் 'அசல் காட்டு அகில்' என்று எழுதியவன் அடியேனே. மூன்றாம் நாள் ஓர் அம்மையார் கண்ணாடிக் குவளையுடன் வந்தார். இரவில் கட்டையை ஊறவைத்த நீர் மைபோல் கறுத்திருந்தது.

"கடைக்காரர் அப்படித்தான் சொன்னார் அம்மா" என்றேன்.

"அவர எனக்குத் தெரியாதுங்க, வாத்தியாரையா. உங்க கையெழுத்த நம்பித்தான் வாங்கினேன்."

மறுநாள் ஒலிபெருக்கியில் தவற்றை அறிவித்து, 63 பொட்டலங்களுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தோம். சிலர் அதை உண்டியலிலேயே இட்டனர்.

திருவள்ளுவர் வணிகர்க்குரிய நெறியை 'நடுவுநிலைமை' அதிகாரத்தில் வைத்துள்ளார். வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய பாடம். பொருள் அன்றுதான் விளங்கியது. தெரிந்தே பொய் சொல்வது மட்டும் குற்றமன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதும் தராசைச் சாய்ப்பதே.

இன்று உறையில் மூன்று செய்திகள் எழுதுகிறோம்: எந்த ஊர்க் கட்டை, காடா தோட்டமா, கலப்பு உண்டா. தெரியாவிடில் 'வாசனைத் தூபம்' என்று மட்டும் எழுதுகிறோம். அகில் மர இனம் முழுவதும் 2005 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் உள்ளது. வணிகத்துக்காக நாடு கடத்த அனுமதிச் சீட்டு வேண்டும். அயல்நாட்டு அகில் என்பாரிடம் அதைக் கேளுங்கள். நீரில் மூழ்குவது மட்டும் சான்றாகாது. ஈயம் புகுத்திய கட்டையும் மூழ்கும்.

விற்பனை அவ்வாண்டு குறைந்தது உண்மை. ஆனால் அந்த அம்மையார் அடுத்த நவராத்திரிக்கும் வந்தார். உறையைப் படித்துப் பார்த்து, இரண்டு பொட்டலங்கள் வாங்கிச் சென்றார். இறைவன் திருமுன் எழும் புகையில் பொய் கலவாதிருக்கட்டும்.