மீட்ட சிறு நாய்க்கு வீடு தேடும்போது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொமரேனியன், பக், ஷிட்சு போன்ற சிறு இன நாய்களைத் தெருவிலிருந்து மீட்டால் வீடு தேடுவது எளிது என்ற எண்ணம் நகரங்களில் பரவலாக இருக்கிறது. படம் போட்ட சில மணி நேரத்திலேயே பலர் கேட்டு வருவதும் உண்மைதான். ஆனால் கேட்டு வருகிறவர்களில் அந்த நாயைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் சிலரே. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கண்டுகொள்வதில்தான் பெரும்பகுதி உழைப்பு போகிறது.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். தெருவில் தனியாக நிற்கும் வளர்ப்பு நாயைக் கண்டதும், யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி, வழி தெரியாமல் அலையும் நாய்களும் இதே கோலத்தில்தான் இருக்கும். தோளெலும்புகளுக்கு இடையே, தோலுக்கடியில் அரிசி அளவில் மைக்ரோசிப் இருக்கிறதா என்பதைக் கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் பார்க்கலாம். அக்கம்பக்கத்துக் காவலாளிகள், இஸ்திரி போடுகிறவர்கள், கடைக்காரர்கள் ஆகியோரிடம் விசாரிக்கலாம். அறிவிப்பு ஒட்டும்போது நாயின் ஏதாவது ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்துக்கொண்டால், தேடி வருபவர் உண்மையான உரிமையாளரா என்பதை அதைக் கேட்டே உறுதி செய்யலாம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வருத்தத்துக்குரியது.

பெண் நாய் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் ஆரோக்கியமாக இருக்கும் என்பது வெகுநாளாகப் புழங்கும் நம்பிக்கை. இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து கூடுகிறது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிரே போகலாம். முதல் சில பருவங்களுக்கு முன்பே கருத்தடை செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். வீடு தேடுபவர் இதில் கண்டிப்பாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாயின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். குட்டி விற்றுச் சம்பாதிக்க நினைப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் இனப் பெண் நாய் முதலில்லாத வியாபாரம். மடி தொங்கி, பல் கொட்டி, முடி சடை பிடித்த நிலையில் மீட்கப்படும் ஷிட்சு, பொமரேனியன் பெண் நாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வியாபாரத்தின் முடிவு என்னவென்று தெரியும். “ஜோடி சேர்க்க வேணும்” என்று கேட்பவருக்கு மறுப்பு சொல்லத் தயங்கக் கூடாது. உடல் தேறியதும் கருத்தடை செய்த பிறகே கைமாற்ற வேண்டும்.

சிறு நாய் குழந்தைகளோடு விளையாட ஏற்றது என்ற நம்பிக்கையால் துன்பப்படுவது நாய்தான். குழந்தையின் கையிலிருந்தோ சோபாவிலிருந்தோ விழுந்தால் அதன் மெல்லிய முன்கால் எலும்பு முறியலாம். திடீரென்று தூக்கி இறுக்கினால் பயந்து கடிக்கும். கடித்ததும் “கெட்ட நாய்” என்ற பெயரோடு திரும்பி வரும். நடைபழகும் குழந்தை உள்ள வீட்டைவிட, விவரம் தெரிந்த பிள்ளைகளோ பெரியவர்களோ உள்ள வீடே நல்லது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கு மூச்சுக்குழல் குறுகல் என்பதால், சித்திரை வெயிலில் நடக்கவிட்டால் உடல் சூடேறி மயங்கி விழும். உடல் சிறிதாக இருப்பதால் சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை சிறிதளவு உள்ளே போனாலும் ஆபத்து.

அடர்முடி உதிராத நாயால் ஒவ்வாமை வராது என்பதும் தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. அவை இல்லாத இனம் கிடையாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், தத்தெடுக்கும் முன் நாயோடு சில மணி நேரம் இருந்து பார்ப்பதே நல்லது.

வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது, குட்டிதான் வேண்டும் என்பவர்கள் அதிகம். சிறு இன நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியவை. ஐந்து வயது நாய்க்குப் பாதிக்கு மேல் வாழ்க்கை மீதம் இருக்கிறது. அதன் குணமும் உடல் அளவும் ஏற்கெனவே தெரிந்தவை. குட்டியிடம் இந்த உறுதி இல்லை. வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வதிலும் கவனம் வேண்டும். பால்பற்கள் 28, நிலைப்பற்கள் 42. ஏழு மாதத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் மாறிவிடும் என்பதால் குட்டியின் வயதை ஓரளவு கணிக்கலாம். அதற்கு மேல் பல்லில் படிந்த காரையை மட்டும் நம்ப முடியாது. சிறு இனங்களுக்குக் காரை சீக்கிரமே படியும்.

புது வீட்டுக்குப் போன நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்து, சாப்பிடாமல், இரவில் அழுதால் “இது நமக்குச் சரிப்படாது” என்று இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாள்களில் நாய் பயந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே இடம், ஒரே நேரத்துச் சோறு, கூட்டமில்லாத வீடு என்றிருந்தால் சில வாரங்களில் மெல்ல வெளியே வரும். முழுமையாக வீட்டுக்கு உரியதாக மாற மாதங்களும் ஆகலாம். ஒருநாள் முழுக்க எதையும் உண்ணாத குட்டி, வாந்தி எடுக்கும் நாய் ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாய்ப்பேச்சே போதும், எழுத்து எதற்கு என்று கருதுவோரும் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவரானால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது அவசியம். ஒப்பந்தத் தாளில் கருத்தடை, ஆண்டுதோறும் வெறிநாய்க்கடி தடுப்பூசி, வேறொருவருக்குக் கைமாற்றாமை, வளர்க்க முடியாமல் போனால் கொடுத்தவரிடமே திருப்பித் தருவது ஆகியவை இருக்க வேண்டும். கொடுக்கும் முன் அந்த வீட்டை நேரில் பார்ப்பதும், கொடுத்த முதல் மாதத்தில் அவ்வப்போது விசாரிப்பதும் சந்தேகமாகாது. உண்மையாக வளர்ப்பவர் அதை வரவேற்பார். தடுப்பூசி அட்டையை ஒப்படைக்கும்போதே மைக்ரோசிப் பதிவில் புதியவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.