ஏரி எங்கே தொடங்குகிறது?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் இவற்றுள் பல நிரம்புவதில்லை. இதற்கான காரணத்தைக் கரையில் தேடிப் பயனில்லை. மேட்டில் தேட வேண்டும்.

எந்த நிலத்தில் விழும் மழை வடிந்து ஒரே ஏரிக்கோ ஓடைக்கோ வந்து சேருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அதன் நீர்வடிப் பகுதியாகும். குன்று, புறம்போக்கு, மேய்ச்சல் தரை, மானாவாரிக் காடு யாவும் இதில் அடங்கும். ஆகவே ஏரி கரையில் தொடங்குவதில்லை. மேட்டு நிலத்தின் உச்சியில் தொடங்குகிறது.

ஒரு கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் சுமார் 40,000 லிட்டர். இது 10,000 லிட்டர் கொள்ளும் 4 தண்ணீர் லாரிகளுக்குச் சமம். இந்த நீர் ஓட்டமாக ஓடினால் மண்ணையும் இழுத்துச் செல்லும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் கரைந்தால் சுமார் 5 டன் மண் போய்விடும். அதனுடன் இட்ட உரமும் போகும். மேட்டு நிலத்துக்கு நட்டமான இந்த மண்ணே ஏரியில் வண்டலாகப் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

இதைப் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு மரப்பெட்டிகளை எடுத்து, ஒன்றில் வெறும் மண்ணையும் மற்றதில் புல்லோடு பெயர்த்த மண்ணையும் நிரப்ப வேண்டும். இரண்டையும் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, பூவாளியால் ஒரே அளவு நீர் தெளிக்க வேண்டும். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் விரைந்து வடியும். புல்தரையிலிருந்து தெளிந்த நீர் மெதுவாகக் கசியும். பிறகு பிள்ளைகளை ஏரியின் வரத்துக் கால்வாய் வழியே மேடு வரை அழைத்துச் சென்றால், பாடம் மனத்தில் பதியும்.

செய்ய வேண்டியவை

சரிவின் போக்கில் உழுதால் ஒவ்வொரு படைச்சாலும் மண்ணை அரிக்கும் வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அதே படைச்சால் நீரைத் தேக்கும். சம உயர வரப்பு அமைத்து, அதன்மேல் கொழுக்கட்டைப்புல் அல்லது வெட்டிவேர் நடலாம். இதனால் முதல் பயன் அடைபவர் மேட்டு நிலத்துக்காரரே. அவரது கடலைக்கும் சோளத்துக்கும் ஈரம் கூடுதல் நாள் நிற்கும்.

மேட்டில் நீரைத் தேக்கினால் ஏரிக்கு வரத்து குறையாதா என்று ஆயக்கட்டு விவசாயிகள் கேட்பது நியாயமே. அளவுமீறித் தடுத்தால் நிச்சயம் குறையும். ஆகவே தன் வயலில் விழும் மழையை அவரவர் வயலில் ஊறவிடலாம். ஓடையில் ஓடும் நீரை மறிக்கக் கூடாது. பண்ணைக்குட்டையை ஓடைக்குக் குறுக்கே வெட்டாமல் வயலின் தாழ்ந்த மூலையில் வெட்ட வேண்டும். வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்தலும், அதில் சீமைக்கருவேல் மண்டவிடுதலும் ஏரியின் கழுத்தை நெரிப்பதாகும்.

ஏரியின் உள்விளிம்பில் வளரும் கோரையும் புல்லும் வண்டலை வடிகட்டுகின்றன; மீனுக்கும் பறவைக்கும் இடம் தருகின்றன. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாகிறது. அதனாலேயே அவ்வூர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். அந்த ஏரி 2022-ஆம் ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆதலால் புரட்டாசி முடிவதற்குள் மேட்டு விவசாயிகளும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஒன்றுகூடி வரத்துக் கால்வாயை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. அடைப்பை அன்றே நீக்கினால், ஐப்பசி மழை ஏரிக்கு வந்து சேரும்.