பிஎச் விரியலாக்கி தடுமாறினால்
வீட்டில் செய்த பிஎச் விரியலாக்கியில் அளவீடு அலைந்தால், முதலில் மின்வாயைக் கழற்றி உள்ளீட்டைச் சுற்றின் பொதுப் புள்ளியோடு குறுக்கிணைக்க வேண்டும். வெளியீடு பிஎச் 7க்குரிய பெறுமானத்தில் நிற்காவிட்டால் பழுது சுற்றில்தான்.

அப்போது சரியாக நின்று, மின்வாயைப் பூட்டியதும் ஒரு பக்கமாக ஓடுகிறதா? கண்ணாடி மின்வாயின் தடை நூறு மெகா ஓம் அளவுக்கு வரும். 741 சிப்பின் உள்ளீட்டு மின்னோட்டம் அதில் சில வோல்ற் பிழையையே உண்டாக்கும். சிஏ3140 அல்லது டிஎல்072 பொருந்தும். மாரிகால ஈரத்தில், பற்றவைத்தபின் பலகையில் எஞ்சிய பிசினூடாகவும் மின் கசியும். சிப்பை மாற்றுமுன் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து உலர்த்திப் பார்ப்பதே நல்லது.

அதன் பின்னரே மின்வாயைச் சந்தேகிக்கலாம். பிஎச் 7, 4 தாங்கற் கரைசல்களுக்கிடையே மின்வாய் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 177 மில்லிவோல்ற் வேறுபாடு காட்ட வேண்டும். ஓய்வில் அதைப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க வேண்டும். வடித்த நீரில் வைக்கக்கூடாது.