எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்

பெரம்பலூரில் நான் பணிபுரியும் கல்லூரிக்கு அரியலூர் மாணவர் ஒருவர் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்தார். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களைப் பற்றி அவருடைய தாத்தா எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன. 2003இல் ஒரு டி.டி.பி. சென்டரில் தட்டச்சு செய்யப்பட்டவை. கையெழுத்து நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. தாத்தாவும் இன்று இல்லை. கோப்பைத் திறந்தால் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! "கெட்டுப் போய்விட்டதா ஐயா?" என்று கேட்டார்.

கெடவில்லை. அந்தக் குழப்பத்துக்குள் ஜே, கே, பி, ஓ, அடுத்து ஓர் அரைப்புள்ளி என்ற வரிசை சில இடங்களில் தென்பட்டது. 'பாமினி' என்ற எழுத்துருவில் அது 'தமிழ்' என்ற சொல்!

இது எப்படி? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சிறிய எழுத்து ஜேயின் எண் 106. எழுத்துரு என்பது, எந்த எண்ணுக்கு எந்தப் படத்தை வரையவேண்டும் என்று கூறும் படத்தொகுப்பு. பாமினியில் 106க்கு உரிய இடத்தில் 'த'வின் படம் இருக்கிறது. ஆகவே அக்கோப்பில் 'தமிழ்' என்பது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்களே. பாமினி இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. வேறு எழுத்துருக்களைச் செய்தவர்கள் 'த'வை வேறு வேறு இடங்களில் வைத்தார்கள். அவர்களைக் குறைகூற முடியாது. அன்று தமிழுக்கென்று உலகப் பொது இடம் ஏது?

அந்த இடத்தைத் தந்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு உரியவை. இதில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021. எந்த நாட்டுக் கணிப்பொறியிலும் 2980 என்றால் 'த'தான். 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறும், சொல் மாறாது.

சரி, எழுத்துருவை நிறுவுவது எப்படி? விண்டோஸ் கணிப்பொறியில் டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என்று முடியும் கோப்பின்மீது ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேர்டு திறந்திருந்தால் மூடித் திறக்கவும். அவ்வளவுதான். ஆனால் அழகாக இருக்கிறதென்று கண்டதையெல்லாம் சேர்க்காதீர்கள். பட்டியல் நீண்டு, தேடுவதே ஒரு வேலையாகிவிடும். வேண்டாதவற்றை நீக்கலாம், கணிப்பொறியோடு வந்தவற்றைத் தொடவேண்டாம். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நாங்கள் பாமினியை நிறுவி, வரிகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பட்டியலில் அதைச் சொடுக்கினோம். தாத்தாவின் தமிழ் திரையில் வந்து நின்றது. மாணவர் சற்று நேரம் பேசவே இல்லை.

ஆயினும் வேலை பாதிதான் முடிந்தது. உள்ளே இருப்பவை இன்னும் பழைய எண்களே அல்லவா? எழுத்துருமாற்றி என்னும் மென்பொருளால் அவற்றை ஒருங்குறி எண்களாக மாற்றினோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்று எழுதும்போது பாமினியில் கண்ணுக்குத் தெரிகிறபடி முதலில் கொம்பு, பிறகு 'க'. ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறைப்படி முதலில் 'க' (2965), பிறகு கொம்பு (3014). நல்ல மாற்றி இவ்வரிசையைத் தானே திருப்பிவிடும். இருந்தாலும் ஆங்காங்கே கொம்பு இடம்மாறி நின்றது. தாத்தா ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த விலங்கியல் பெயர்களையும் மாற்றி தமிழென்று எண்ணிக் குதறிவிட்டது! இரண்டு மாலைகள் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய கோப்புகள் இருக்கலாம். மாற்றிய பின்பும் மூலக் கோப்பை அழித்துவிடாமல், அதற்குரிய எழுத்துருக் கோப்பையும் அதே உறையில் சேர்த்து வையுங்கள்.