கடைசி லெக்

அன்புள்ள இளம் விமானிக்கு,

வாடகைக்கு எடுத்த செஸ்னாவில் நாலைந்து நாள் ஊர் ஊராகப் பறந்துவிட்டுக் கோயம்புத்தூரில் இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி கொச்சி ஒன்றுதான் பாக்கி. வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால் சுமார் 65 கடல் மைல். 100 நாட் வேகத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கோடு முதலமடைக்கு நேர் மேலே போகிறது. அங்கே மாந்தோப்புகள் முடிகிற இடத்திலேயே நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழும்புகிறது. அதன் உயரமான முகடுகள் ஐயாயிரம் அடியைத் தாண்டும். மலையை விட்டு விலகி, பாலக்காட்டுக் கணவாயோடு மேற்கே போய்த் திருச்சூர்ப் பக்கம் தெற்கே திரும்பினால் தூரம் ஏறக்குறைய 85 மைல். வித்தியாசம் 12 நிமிடம். நீண்ட பயணத்தின் கடைசி லெக்கில் ஒரு விமானியின் புத்தி தடுமாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட 12 நிமிடத்தில்தான். கடைசி லெக் என்பது பழைய பயணத்தின் வால் அல்ல. அதையும் ஒரு புதுப் பயணமாகவே நினைத்து, வானிலை, எரிபொருள், மாற்று நிலையம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாயில் காற்று குவிந்து வேகம் பிடிக்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளை நட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொச்சிக்குப் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. 25 நாட் எதிர்க்காற்றில் உங்கள் 100 நாட் தரையில் 75 ஆகிவிடும். சுற்றுவழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உடனே நேர்கோடு ஆசை காட்டும். ஆனால் அதே காற்று நெல்லியாம்பதியைத் தாண்டி முதலமடைப் பக்கம் சரிந்து இறங்குகிறது. அதாவது, மலையைத் தாண்ட நீங்கள் உயரம் ஏற வேண்டிய இடத்தில்தான் காற்று உங்களைக் கீழே அழுத்தும். மூக்கைத் தூக்கி முழு த்ராட்டில் கொடுத்தும் உயரமானியின் முள் பின்னோக்கி நகரும். முன்கண்ணாடியில் மரங்கள் பெரிதாகும். சிறிய எஞ்சினுக்கு அந்த இறங்குகாற்றை வெல்லும் சக்தி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மலை முகட்டை நேராக அணுகாமல் 45 பாகை சாய்வில் அணுகச் சொல்வது இதற்காகத்தான்: ஏற முடியவில்லை என்றால் சின்னத் திருப்பத்திலேயே தாழ்வான நிலத்துக்கு வந்துவிடலாம்.

“எட்டாயிரம் அடிக்கு ஏறிப் போனால் மலை என்ன செய்யும்?” என்று கேட்பீர்கள். தெளிவான காலையில் நியாயமான கேள்விதான். ஆனால் மழைக்காலத்தில் அந்த உயரத்தில் மேகம் இருக்கும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும், மேகத்துக்குள் இறக்கைகளை மட்டமாக வைத்திருக்கச் சொல்லித்தராது. இன்னொன்று, ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் நெல்லியாம்பதிக் காட்டில் இறங்க இடமில்லை. முதலமடை மாந்தோப்பும் மேலிருந்து பார்க்கத்தான் மெத்தை. சிற்றூர், ஆலத்தூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல் என்றால் வரப்பு இடறினாலும் பிழைக்க வழி உண்டு.

“திரும்பிப் போனால் பெயர் கெடும்” என்பது அடுத்த ஆட்சேபம். இடுக்கியில் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் ஓடுதளத்தைப் பாருங்கள். என்சிசி மாணவர்களுக்காகக் கட்டிய 650 மீட்டர் தளம். 2022 ஏப்ரலில் சோதனைக்கு வந்த இரண்டு இருக்கை விமானம், பக்கத்து மண்மேடு இடைஞ்சலாக இருந்ததால் இறங்காமலே திரும்பியது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அங்கே விமானம் இறங்கியது. ஏப்ரலில் திரும்பியவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை. தாமதமும் அப்படித்தான். 1930இல் ஆகா கான் பரிசுக்காக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே பறந்தவர்களில் ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஒருவர். வழியில் எகிப்தின் அபூகீரில், போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியர் என்பவருக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டபோது தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. ஜே.ஆர்.டி. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். பிந்தி வந்ததால் அவருக்கு எந்தக் கதவும் அடைபடவில்லை.

மிச்சமிருப்பது பணம். இந்த ஆட்சேபத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இது பொய்யான காரணம் இல்லை. எஞ்சின் ஓட ஓட, வாடகை நேரத்தை எண்ணும் ஹாப்ஸ் மீட்டரும் ஓடும்; ஒரு நாள் தாமதித்தால் நிறுத்தக் கட்டணம், விடுதி, அடுத்து அந்த விமானத்துக்காகக் காத்திருப்பவரின் கோபம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி சேர்க்கிறவருக்கு ஒவ்வொரு மணியும் குடும்பத்தின் கடன். ஆனால் அந்தச் சுற்றுவழிக்குக் கணக்குப் பாருங்கள்: எதிர்க்காற்றோடு 16 நிமிடம், எட்டு லிட்டர் பெட்ரோல். பணத்தின் தொல்லை அதன் அளவில் இல்லை, கேட்கப்படும் நேரத்தில் இருக்கிறது. மாலை நாலு மணிக்கு, சூரியன் சாய்கிறபோது, கோவை ஏப்ரனில் நின்று யோசித்தால் எட்டு லிட்டரும் மலையளவு தெரியும். அதனால் செலவைப் புறப்படும் முன்பே கழித்துவிடுங்கள்: கூடுதலாக ஓர் இரவும் ஒரு மணி நேர வாடகையும் பட்ஜெட்டில் முதல் நாளே செலவாகிவிட்டதாக எழுதுங்கள். வானிலை காரணமாக வெளியூரில் தங்கினால் தினசரிக் குறைந்தபட்ச மணிக் கட்டணம் உண்டா, விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு நீங்கள் ரயிலேறி வந்தால் அதைக் கொண்டுவரும் செலவு யாருடையது என்று வாடகை தருபவரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லையென்றால், சாவியை வாங்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.