தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

பல்கலைக்கழக நுழைவு முடிவுகள் வெளியான வாரத்தில் சுங்கை பட்டாணிக் கணினிக் கடைகளில் நம் குடும்பங்களைப் பார்க்கலாம். அப்பா வேலை முடிந்து, சட்டை மாற்றிக்கொண்டு, பீடோங்கிலிருந்தோ பாடாங் செராயிலிருந்தோ வந்திருப்பார். பையன் முன்பே முடிவு செய்திருப்பான்: விசைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் கனத்த கேமிங் மடிக்கணினி. கூட்டாளிகள் அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள். "இன்ஜினியரிங் படிக்கப் போறான் சார், நல்ல பவரா இருக்கணும்ல?" என்று அப்பா கேட்பார். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் என்னிடம் வருகிறது. கடையில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைக்கு மடிக்கணினி தேவையா என்பது இன்று கேள்வியே இல்லை. 2022இல் அரசாங்கம் பெராந்தி சிஸ்வா திட்டத்தில் குறைந்த வருமான பி40 குடும்ப மாணவர்களுக்குக் கொடுத்த டேப்லெட் பாடம் படிக்கவும், இணைய வகுப்பில் உட்காரவும் உதவும். அதில் ஐம்பது பக்க ஆய்வேட்டை எழுதி முடிப்பது கொடுமை. 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் கொண்டு எண்ணூறு, தொள்ளாயிரம் வெள்ளிக்கு விற்கும் புத்தம் புதிய மலிவு ரகம் ஓராண்டுக்குள் மூச்சு வாங்கும். விண்டோஸ் புதுப்பிப்புகளே அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும். இவை இரண்டையும் ஒதுக்கினால் மிஞ்சுவது நான்கு வழிகள்: பதினான்கு அங்குலப் புதிய மெல்லிய விண்டோஸ் கணினி, மேக்புக் ஏர், அலுவலகங்கள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த பழைய தொழில்முறைக் கணினி, கேமிங் கணினி. கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கேமிங் கணினி இரண்டேகால் கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை இருக்கும். விளம்பரத்தில் வரும் எடை அவ்வளவுதான். அதன் சார்ஜர் தனி. திரைவரைவுச் சில்லுக்கு மின்சாரம் நிறைய வேண்டும் என்பதால் 180, 230 வாட் சார்ஜர் தருவார்கள். அதுவே அரைக் கிலோவைத் தாண்டும். ஆக, தோளில் ஏறுவது ஏறக்குறைய மூன்று கிலோ. விளையாடாமல் வேர்டு திறந்து தட்டச்சு செய்தாலும் பல மாதிரிகளில் பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாது. அதனால் அந்தச் சார்ஜரை அறையிலும் விட்டுச் செல்ல முடியாது. விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர் உட்காரும் இடத்தில் சுவரோரம் நாலு பிளக் பாயிண்ட் இருந்தால் அதிகம். செருகியில்லாமல் பேட்டரியில் ஓட்டும்போது அந்த விலை உயர்ந்த சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும், காசு கொடுத்து வாங்கிய வலிமை பையனுக்குக் கிடைப்பதில்லை.

மூன்று கிலோ பெரிய எடையா என்று தோட்டத்தில் உழைத்த அப்பா கேட்கக்கூடும். செம்பனைக் குலை தூக்கியவருக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனால் சிந்தோக்கில் உள்ள உத்தாரா பல்கலைக்கழக வளாகம் ஆயிரம் ஹெக்டருக்கும் பெரியது. விடுதி ஓரிடம், வகுப்பு ஓரிடம், நூலகம் ஓரிடம், நடுவே வளாகப் பேருந்து. சுங்கை பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி, பினாங்குத் தீவில் படிக்கும் அல்லது பயிற்சி வேலை பார்க்கும் பிள்ளை நாள்தோறும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கூலிம் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பயிற்சிக்குப் போகிறவன் மோட்டார் சைக்கிளில், முதுகில் பையோடு, மழையில் போவான். சபா, சரவாக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவருக்கு ஏர் ஏசியாவில் கையில் எடுத்துப் போக விடுவது 7 கிலோ. அதில் கிட்டத்தட்டப் பாதியைக் கணினியும் சார்ஜருமே பிடித்துக்கொள்ளும். நடப்பது எனக்குத் தெரியும்: முதல் மாதம் தூக்கிப் போவார்கள், இரண்டாம் மாதம் கணினி விடுதி மேசையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பிள்ளை வகுப்பில் கைப்பேசியில் குறிப்பெடுக்கும். மேசையில் உட்கார்ந்த கேமிங் கணினி என்ன வேலைக்குப் பயன்படும் என்று பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விலைக்கு வருவோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐயாயிரம் வெள்ளிக் கணினி என்றால் அம்மாவோ அப்பாவோ மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற முழுச் சம்பளம். ரொக்கம் இல்லாதவர்களுக்குக் கடையில் தவணை காட்டுவார்கள். மாதம் 150 வெள்ளி என்றால் சின்னதாகத்தான் தெரியும். முப்பத்தாறு மாதத்தால் பெருக்கிப் பாருங்கள், 5,400 வெள்ளி. பொருளின் ரொக்க விலை 4,200 என்றால் ஆயிரத்து இருநூறு வெள்ளி வீணாகப் போனது. கையெழுத்துப் போடுமுன் இந்தப் பெருக்கலைக் கைப்பேசியிலாவது செய்யுங்கள். கடைக்காரர் அதை உங்களுக்காகச் செய்துகாட்ட மாட்டார்.

"நாலு வருஷத்துக்குத் தாங்கும்" என்று ஒரு வாதம் உண்டு. மடிக்கணினியில் முதலில் உயிரை விடுவது வேகம் அல்ல. மூடியைத் திறந்து மூடும் கீல், சார்ஜர் செருகும் துளை, பேட்டரி, விசைப்பலகை ஆகியவைதான் முதலில் போகும். லித்தியம் பேட்டரி நாள்தோறும் முழுக்கச் சூடேறித் தேய்ந்தால் சீக்கிரம் கொள்ளளவை இழக்கும். தகரக் கூரை வீட்டில் மதிய வெயிலில் விசிறி அலறிக்கொண்டு ஓடும் கணினியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

யாருக்குக் கேமிங் கணினி தேவை? முப்பரிமாண அசைவூட்டம் படிப்பவருக்கு, விளையாட்டு மென்பொருள் உருவாக்குபவருக்கு, நீளமான வீடியோ தொகுப்பதைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கு. அவர்கள் வாங்கட்டும். கணக்கியல், நிர்வாகம், சட்டம், ஆசிரியர் கல்வி, தாதியியல் படிக்கும் யாருக்கும் தேவையில்லை. ஜித்ரா, கூலிம் போலிடெக்னிக்குகளில் படிக்கும் பெரும்பாலான பொறியியல் மாணவர்களுக்கும் தேவையில்லை. ஆட்டோகேடில் இரு பரிமாண வரைபடம் போட 16 ஜிபி நினைவகமுள்ள சாதாரணக் கணினி போதும். நிரல் எழுதக் கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது நல்ல விசைப்பலகையும் கண்ணை உறுத்தாத திரையும். செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுப்பவர்கள் கூகுள் கோலாபில் இலவசமாகவே தொடங்கலாம். கனமான கணக்கு நடப்பது தொலைவிலுள்ள கணினியில்தான்.

மேக்புக் ஏர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றேகால் கிலோ எடை, விசிறியே கிடையாது, ஒரு நாள் வகுப்புக்குத் தாங்கும் பேட்டரி, திரை அருமை. தமிழ் எழுதுபவருக்கு இன்னொரு மகிழ்ச்சி: நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைப்பலகையும் இணைமதி எழுத்துருவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நாலாயிரம் வெள்ளி அளவில் செலவழிக்க முடிந்த, எழுத்து, வடிவமைப்பு, ஊடகம் படிக்கப் போகும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த பயணக் கணினி இல்லை. ஆனால் கணக்கியல் மாணவர் தொடக் கூடாது. நம் ஊர்க் கணக்கு அலுவலகங்களில் ஓடும் எஸ்.க்யூ.எல்., ஆட்டோகவுண்ட், யு.பி.எஸ். எல்லாம் விண்டோஸுக்கானவை. இயந்திரவியலில் வரும் சாலிட்வர்க்ஸுக்கும் மேக் பதிப்பு கிடையாது. அக்காவிடம் இருக்கிறது என்பதற்காகத் தம்பிக்கும் அதையே வாங்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிய மெல்லிய விண்டோஸ் கணினி வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்த்தால் போதும்: எடை ஒன்றரைக் கிலோவுக்குள், நினைவகம் 16 ஜிபி, யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் வசதி. நினைவகத்தை மூன்றிலும் முதன்மையாகச் சொல்வேன், ஏனென்றால் மெல்லிய மாதிரிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பிறகு கூட்ட முடியாது. யுஎஸ்பி-சி இருந்தால் ஒரே 65 வாட் சார்ஜர் கைப்பேசிக்கும் கணினிக்கும் ஆகும். ஸ்னாப்டிராகன் சில்லு வைத்தவை பேட்டரியில் வெகு நேரம் ஓடும், ஆனால் சில பழைய மென்பொருள்களும் பழைய பிரிண்டர்களும் அவற்றோடு ஒத்துப்போகா. படிப்பு மென்பொருள் அதில் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

என் மனம் சாய்வது அலுவலகத்திலிருந்து வந்த பழைய கணினி பக்கம். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ஆகிய வரிசைகள் பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் நாடு நாடாகத் தூக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டவை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கூட்டமாகச் சந்தைக்கு வரும். பினாங்கு கொம்தார் பக்கத்திலும் கோலாலம்பூர் லோயாட்டிலும் கிடைக்கும். நான் மாலை வகுப்புக்கும், ரயில் பயணத்துக்கும், இந்தக் கட்டுரைக்கும் பயன்படுத்துவது 2018இல் வந்த திங்க்பேட் டி480. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்ட ஒரு பேட்டரி, நினைவகத்தை நாமே கூட்டலாம், சார்ஜர் யுஎஸ்பி-சி. அதன் விசைப்பலகையில் தமிழ் அடிக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் சுகத்தை ஐயாயிரம் வெள்ளிக் கணினியிலும் நான் காணவில்லை. ஆயிரத்து சொச்சம் வெள்ளியில் இந்த ரகம் கிடைக்கிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கொடுக்கும் 1,500 வெள்ளி முன்பணத்துக்குள் அடங்கிவிடும்.

பழையதை வாங்கக் கண் வேண்டும். கடைக்காரர் "ஐ7 சார்" என்பார். அந்த எண் போதாது. பின்னால் வருவதைப் படியுங்கள். ஐ5-8350யு என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. ஐ7-6600யு என்றால் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே ஆறாம் தலைமுறை ஐ7ஐவிட எட்டாம் தலைமுறை ஐ5 மேல். திரை 1920க்கு 1080 புள்ளிகளா என்று கேளுங்கள், ஏனென்றால் அதே மாதிரியில் மங்கலான 1366 திரையும் சந்தையில் இருக்கிறது. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம்; தொடக்கக் கொள்ளளவில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி கேளுங்கள் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினி வேண்டாம். ஒவ்வொரு விசையையும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு துளையிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள், உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். முகம் சுளிக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் கணினியைவிடப் பெரிய சங்கதி ஒன்று மனத்தில் நிற்கிறது. கூட்டாளி வாங்கியதைப் பார்த்துக் கணினி வாங்கும் பிள்ளை, பெரும்பாலும் கூட்டாளியைப் பார்த்தே படிப்பையும் எடுத்திருக்கிறது. இல்லையேல் அப்பா சொன்னதற்காக எடுத்திருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த தலைமுறை நாம். பிள்ளை மருத்துவராக வேண்டும், பொறியாளராக வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் படம் வரையக் கை துடிக்கும் பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தில் அடைத்து வைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஐயாயிரம் வெள்ளிக் கணினியைக் கொடுப்பது அன்பாகாது. தம்பி, தங்கச்சி, உனக்கு எது இயல்பாக வருகிறது என்று உன்னையே கேள். மணி போவது தெரியாமல் நீ எதைச் செய்கிறாய்? அந்த வேலைக்கு எந்தக் கருவி வேண்டும் என்பது அப்போது தானே தெரியும். வேகமான சில்லு யாருக்கும் நிரல் எழுதக் கற்றுத் தராது. ஒரே பிழையை இரவு முழுக்கத் தேடித் திருத்தும் பொறுமைதான் கற்றுத் தரும். அந்தப் பொறுமையைக் கணினி வாங்குவதிலேயே பழகலாம்.

பதிவு நாளுக்கு முன்பே வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் சில வாரம் வளாகக் கணினிக் கூடத்தையும் நூலகத்தையும் பயன்படுத்துங்கள். துறையில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தப் பருவத்தில் வரும் என்று விரிவுரையாளரிடமும் மேல்வகுப்பு மாணவர்களிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில மென்பொருளுக்குப் பல்கலைக்கழகமே இலவச உரிமம் கொடுக்கும், அதையும் கேட்டுவிடுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். விருப்பப்பட்ட கணினியைச் சார்ஜரோடு உங்கள் பைக்குள் வைக்கச் சொல்லி, தோளில் மாட்டி, கடையின் மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்குங்கள். வாங்கிய ரசீது பெற்றோர் பெயரில் இருக்கட்டும்; வருமான வரி கட்டும் பெற்றோருக்குப் பிள்ளைக்காக வாங்கிய கணினியும் ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரி விலக்கில் சேரும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் அளவை எண்பது விழுக்காட்டில் நிறுத்தி வையுங்கள். மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.